தொடாமல் இருக்கப் படித்தது

இருபத்தொன்பது வருஷம் அரசுப் பேருந்து ஓட்டினேன். நாகர்கோவில் திருவனந்தபுரம் தடம்தான் அதிகம். ஓய்வு பெற்ற மறு மாதமே ஒரு முடிவு எடுத்திருந்தேன். இனி எந்த நேரத்துக்கும் நான் கட்டுப்பட்டவன் இல்லை. காலையில் வட்டக்கோட்டைவரை நடை, பதினொரு மணிக்குக் கொட்டாரம் சந்தியில் டீ, சாயங்காலம் யார் வீட்டு விசேஷமோ அங்கே. கல்யாணப் பந்தி என்றால் எலுமிச்சை ஊறுகாயிலிருந்து போளி வரைக்கும் மேற்பார்வை என்னுடையது. இப்படி ஒன்றரை வருஷம் ராஜாவாகத் திரிந்தேன்.

அதற்குப் பிறகு, அறுபத்திரண்டாம் வயதில், ஒரு பெண்பிள்ளை முன்னால் கைகட்டி நின்று ஒரு தொழில் படிக்க வேண்டி வந்தது.

என் மனைவிக்குச் சர்க்கரை. அது முதலில் கண்ணைத் தின்றது, பிறகு கிட்னியை. ரத்தத்தைச் சுத்தம் செய்கிற டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாயைச் சரிசெய்து பார்த்தார்கள். இரண்டு கையிலும் அடைத்துக்கொண்டது. வயிற்று வழியாகச் செய்வதுதான் மிச்சமுள்ள வழி என்றார் டாக்டர். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு குழாய் வைத்துவிடுவார்கள். அதன் வழியாக இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரை உள்ளே ஏற்ற வேண்டும். சில மணி நேரம் அது வயிற்றில் கிடந்து கழிவை இழுத்துக்கொள்ளும். பிறகு அதை இறக்கிவிட்டுப் புதுத் தண்ணீர் ஏற்ற வேண்டும். காலை ஆறு, பதினொன்றரை, மாலை ஐந்து, படுக்கப் போகுமுன் ஒன்று என்று ஒரு நாளைக்கு நான்கு முறை. வீட்டிலேயே செய்யலாம், ஆனால் கண் தெரிகிறவர்தான் செய்ய வேண்டும். மகன் குவைத்தில் இருக்கிறான். வீட்டில் கண் தெரிகிறவன் நான் ஒருவன்.

டாக்டர் இதைச் சொன்னபோது அவள் என் பக்கம் திரும்பினாள். சரியாக என் முகத்தை அல்ல, காதுக்குக் கொஞ்சம் மேலே எங்கோ பார்த்தாள். நான் "சரி" என்றேன். வேறு என்ன சொல்வது?

சொல்லித்தர வந்தவள் நாகர்கோவிலில் அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற நர்ஸ். இருபத்தாறு வயது. கடற்கரை ஊர்க்காரி. அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர் என்று ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள். குரல் மட்டும் காற்றுக்கு எதிரே கூப்பிட்டுப் பழகியது போல இருக்கும். பத்து நாள் வகுப்பு. பிழையில்லாமல் மூன்று தடவை தொடர்ந்து செய்து காட்டினால் நோட்டில் கையெழுத்துப் போடுவாள். ஒன்று தப்பினாலும் முதலிலிருந்து.

"அங்கிள், இந்தக் குழாய்க்க முனை பாத்தியளா? மூடியக் கழத்தின பொறவு இதுல ஒண்ணும் படப்படாது. கை, துணி, மேசை, ஒண்ணும். பட்டா கிருமி நேரே ஆன்ட்டிக்க வயித்துக்குள்ள போவும். நீங்க படிக்க வேண்டியது வேற ஒண்ணும் இல்ல. தொடாம இருக்கணும், அவ்வளவாக்கும்."

நான் சிரித்துவிட்டேன். இதற்கா பத்து நாள்? பாறசாலை வளைவில் எதிரே வருகிற லாரிக்கும் என் வண்டிக்கும் நடுவே ஒரு சாண் விட்டு ஓட்டியவன் நான்.

முதல் நாள், இரண்டு நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவின கையால் மூக்கைச் சொறிந்தேன். "திரும்பக் கழுவுங்க" என்றாள். மூன்றாம் நாள் கழுவிய கையைச் சட்டையில் துடைத்தேன். "திரும்பக் கழுவுங்க." ஐந்தாம் நாள் மேசை ஆடுகிறதே என்று ஓரத்தைப் பிடித்து நேராக்கினேன். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இராது என்பார்கள். ஸ்டியரிங் வளையம் பிடித்த கையும் அப்படித்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷமாக நான் கையை ஓட்டவில்லை, கைதான் என்னை ஓட்டியிருக்கிறது.

ஒன்பதாம் நாள் வீட்டில் வைத்துச் செய்து காட்ட வேண்டும். கிழக்கு அறையை அதற்கென்று ஒழித்து, தரை துடைத்து, மருந்துப் பைகள் வந்த அட்டைப் பெட்டிகளை ஜன்னல் உயரத்துக்கு அடுக்கியிருந்தேன். நர்ஸ் ஒரு ஓரத்தில் நோட்டோடு நின்றாள். மனைவி வயர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் முகக்கவசம் கட்டி, மேசையைத் துடைத்து, கை கழுவினேன். நகத்துக்கு அடியில், விரல் இடுக்கில், மணிக்கட்டுவரை, ஒரு குறை சொல்ல முடியாது. கழுவிவிட்டு அறைக்குத் திரும்புகிற வழியில் சாமிப்படம் இருக்கிறது. பக்கத்தில் திருநீற்றுக் கொப்பரை தொங்குகிறது. மூன்று விரலால் எடுத்து நெற்றியில் பூசி, உள்ளே வந்து மனைவி நெற்றியிலும் பூசிவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

நர்ஸ் நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். என் விரல்களையே பார்த்தாள். வெள்ளை வெளேர் என்றிருந்தன.

"கை கழுவினா திருநீறு எடுக்கது எங்க வீட்டு வழக்கம் சிஸ்டர்" என்றேன். நெற்றியில் திருநீறு இல்லாமல் நான் ஒரு நாளும் வண்டியில் ஏறியதில்லை. காலையில் குளித்துவிட்டு அவளுக்கும் பூசிவிடுவது கண் போன பிறகு வந்த பழக்கம்.

"நல்ல வழக்கமாக்கும். நானும் குருசு வரைஞ்சிட்டுத்தான் ஊசியத் தொடுவேன். ஆனா முதல்ல அவரு, பொறவு சோப்பு. திருநீற முதல்லயே பூசிட்டு வந்து கழுவுங்க."

"கழுவாத கையால திருநீற எடுக்கதா?"

"அப்போ கழுவுங்க, பூசுங்க, திரும்பவும் கழுவுங்க."

மனைவி சிரித்தாள். ஆஸ்பத்திரி ஏறத் தொடங்கிய பிறகு அவள் சிரித்து நான் கேட்கவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவை தோற்கும்போதும் எனக்குள்ளே ஒரு நிம்மதி இருந்தது. இவனுக்கு வராது என்று அவர்களே சொல்லிவிட்டால் வேறு ஏதாவது ஏற்பாடு நடக்கும், நான் தப்பித்துவிடலாம் என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. என்ன ஏற்பாடு என்று அந்த மனசு யோசிக்கவில்லை. பதினாறாம் நாள் மூன்று தடவையும் பிழையில்லாமல் வந்துவிட்டது. நர்ஸ் கையெழுத்துப் போட்டு, "அங்கிள், பாஸ்" என்றாள். எனக்குச் சிறைக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

காற்றுக்குப் பஞ்சமில்லாத ஊர் எங்களுடையது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றில் ஆடி மாதம் ஓடு பறக்கும். அப்படிப்பட்ட ஊரில் நான்கு நேரமும் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை அணைத்து, வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பழைய தண்ணீர் இறங்க இருபது நிமிஷம், புதிது ஏறப் பத்து நிமிஷம். முதுகில் வேர்வை ஓடும். துடைக்கக் கூடாது. இறங்கின பையின் அடியில் செய்தித்தாளை வைத்து எழுத்து தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் தண்ணீர் தெளிவு. மங்கினால் வயிற்றில் கிருமி. "இன்னைக்கு என்ன போட்டிருக்கான்?" என்று அவள் கேட்பாள். அவள் வயிற்றிலிருந்து இறங்கிய தண்ணீர் வழியாகவே ஒரு செய்தியை வாசித்துக் காட்டுவேன்.

மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம் என்றால் போய்ப் பந்திக்கு உட்காரும்போது பதினொன்றரை நினைவுக்கு வரும். வட்டக்கோட்டை நடை போயிற்று. சந்தி டீக்கடையில் என் இடத்தில் வேறொருவர் உட்காரத் தொடங்கினார். எங்கே போனாலும் கழுத்தில் கயிறு கட்டின மாடு மாதிரி ஐந்து மணி நேரத் தூரம்தான் எனக்கு. மனசுக்குள் ஒரே வெப்ராளம், கொதிப்பு. அவள்மீது எரிந்து விழுவேன். தட்டை வைக்கும்போது சத்தமாக வைப்பேன். அவள் எதிர்த்து ஒரு சொல் சொல்லமாட்டாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

இந்த நிலைமையில்தான் எங்கள் ஊர்க் கோயில் தேர் வந்தது. எங்கள் தேருக்கு வளையமும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை கொடுத்துத்தான் திருப்ப வேண்டும், நிறுத்த வேண்டும். தெற்கு முக்குத் திருப்பத்தில் கட்டை கொடுப்பது இருபது வருஷமாக என் பொறுப்பு. டிரைவர் என்பதால் அப்பா காலத்து ஆட்கள் எனக்குத் தந்தது. ஒரு விரல்கடை தவறினால் தேர் கடைத்தெரு வீட்டுக்குள் போய்விடும். இந்த ஒரு நாளையாவது விட்டுத்தர மாட்டேன் என்று மனசுக்குள் சண்டைக்குத் தயாராகவே இருந்தேன், யாரோடு என்று தெரியாமல்.

ஒன்பது மணிக்கு வடம் பிடிப்பார்கள் என்றார்கள். பதினொன்றரைக்குள் தெற்கு முக்கு முடிந்து நான் வீட்டுக்கு வந்துவிடலாம். யாரோ பெரிய மனிதர் வரத் தாமதமாகி, பதினொன்றே கால் ஆகியும் தேர் அசையவில்லை. ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். திருநீறு பூசி, கழுவி, ஜன்னலைச் சாத்தி, அவளை உட்காரவைத்து, குழாயின் மூடியைக் கழற்றினேன். அந்த நேரம் பார்த்துக் கோயிலில் வெடி போட்டார்கள். தேர் புறப்பட்டுவிட்டது.

என் கை ஆடியது. மூடியில்லாத அந்த முனை என் வேட்டி மடிப்பில் பட்டது.

பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு மனப்பாடமாகத் தெரியும். குழாயை அடைத்துவிட வேண்டும். ஏற்றக் கூடாது. நர்ஸுக்கு போன் போட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் வெளியே நிற்கிற நுனிக்குழாயை மாற்ற வேண்டும். அரை நாள் ஆகும். தேர் நிலைக்கு வந்துவிடும்.

"என்னவாம்?" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல" என்றேன். இணைத்தேன்.

முப்பத்தைந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு ஓடினேன். தேர் தெற்கு முக்குக்குப் பக்கத்தில் எனக்காகவே நிற்பது போல நின்றது. கட்டை கொடுத்தேன். அத்தனை பெரிய தேர் முனகிக்கொண்டு என் சொல்லுக்குத் திரும்பியது. "ஓய், உம்ம கை கைதான் வே" என்று யாரோ முதுகில் தட்டினார்கள். சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். அந்த வருஷத்திலேயே நான் சந்தோஷமாக இருந்தது அந்தக் கால்மணி நேரம்தான்.

மூன்றாம் நாள் காலையில் பையின் அடியில் தாளை வைத்தேன். பொடி எழுத்து தெரியவில்லை. வெளிச்சம் போதவில்லை என்று லைட்டைப் போட்டேன். தெரியவில்லை. தாளைத் திருப்பி முதல் பக்கத்தை வைத்தேன். கொட்டை எழுத்தில் இருந்த தலைப்பு தெரிந்தது. தெரிகிறதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். "என்ன போட்டிருக்கான்?" என்றாள். அந்தத் தலைப்பை வாசித்தேன்.

மத்தியானத்துக்குள் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். உடம்பு கொதித்தது. கலங்கின பையையும் எடுத்துக்கொண்டு காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சின்னச் சொல்.

பையில் இருந்த தண்ணீரைப் பார்த்ததும் நர்ஸுக்கு முகம் மாறிவிட்டது. படுக்கையில் கிடந்தவளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"எங்கேயாவது பட்டுச்சா? ஆராவது தொட்டியளா? உள்ளதச் சொன்னாத்தான் நான் செய்ய முடியும்."

நான் வேட்டி மடிப்பைச் சரிசெய்தேன். அதற்குள் மனைவி படுத்தபடியே சொன்னாள்.

"நான்தான் சிஸ்டர். கண்ணு தெரியாமப் போச்சா, வயித்துல எறும்பு ஊருத மாதிரி இருந்துது, கையக் கொண்டு போயிட்டேன். முனையில பட்டுட்டுது. அவ்வோ பாக்கல."

ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. வயிற்றுக்குள்ளேயே மருந்து ஏற்றிக் காப்பாற்றிவிட்டார்கள். இன்னும் ஒரு தடவை இப்படி வந்தால் குழாயையே எடுக்க வேண்டிவரும், எடுத்தால் வேறு வழியில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மறுபடி பார்ப்பேன் என்றாள் நர்ஸ். என் மனைவியிடம் கண்டிப்பான ஒரு கட்டளையும் சொன்னாள்.

"ஆன்ட்டி, இனி அங்கிள் மூடியக் கழத்துதுக்கு முன்ன நீங்க ரெண்டு கையையும் தொடைக்கடியில வச்சு அமுக்கிட்டு இருக்கணும். முடியுதுவரைக்கும் எடுக்கப்படாது. சரியா?"

"சரி மக்களே" என்று மகளைக் கூப்பிடுவது போலச் சொன்னாள் என் மனைவி.

வீட்டுக்கு வந்தோம். காலை ஆறு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டாள். பதினொன்றரைக்கும் அப்படி. ஐந்துக்கும் அப்படி. தப்புச் செய்து வகுப்பில் உட்காரவைத்த பிள்ளை மாதிரி, தோள் இரண்டும் குறுகி, முகத்தை நேரே வைத்துக்கொண்டு இருப்பாள். முடிந்ததும் கைகளை எடுப்பாள். புறங்கையில் வயர் பின்னல் சிவப்பாகப் பதிந்திருக்கும். மரத்துப்போன விரல்களை ஒன்றோடொன்று தேய்ப்பாள். அரை மணி நேரம் அந்த அடைத்த அறையில் அதைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் ஜன்னலைத்தான் பார்ப்பேன். இப்போது எங்கே பார்த்தாலும் அவளுடைய இல்லாத கைதான் தெரிந்தது.

"எடுத்துக்கோ, நான் பாத்துக்கிடுதேன்" என்று ஒரு நாள் சொன்னேன்.

"சிஸ்டரு சொல்லியிருக்கால்லா" என்றாள்.

இருபது நாள் தாக்குப்பிடித்தேன். இருபத்தொன்றாம் நாள் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது, முகக்கவசத்துக்குள்ளேயே சொன்னேன். "அன்னைக்குப் பட்டது எனக்க வேட்டியிலயாக்கும். தேருக்குப் போறதுக்காக சொல்லல."

"தெரியும்" என்றாள்.

"எப்பிடித் தெரியும்?"

"வெடிச் சத்தம் கேட்டுது. பொறவு உங்க மூச்சக் காணல. கண்ணுதான தெரியாது, காது கேக்கும்லா."

"தெரிஞ்சுமா சும்மா இருந்த?"

"சொன்னா கோவப்படுவிய. கோவத்துல இன்னொண்ணுல இடிப்பிய."

எனக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. "ஆஸ்பத்திரியில எதுக்கு உன் தலையில தூக்கிப் போட்டுக்கிட்ட?"

குழாயில் தண்ணீர் போகிற சத்தம் கேட்டது.

"உங்களுக்கு இது தீரப் பிடிக்கலேன்னு எனக்குத் தெரியாதா? தட்டு வைக்க சத்தத்துலயே தெரியும். உங்கள அந்தப் பிள்ள வேண்டாம்னு சொல்லியாச்சுன்னா, நீங்க அதச் சாக்கா வச்சு விட்டுட்டுப் போயிருவியளோன்னு பயமாக் கெடந்துது. பொறவு நான் ஆருக்க முன்னால வயித்தக் காட்டிட்டுக் கெடக்கது? உங்களுக்காவது வெளிய போக அஞ்சு மணி நேரம் கெடக்கு. நான் எங்க போவேன்?"

அவள் அழவில்லை. அதுதான் கொடுமை. தண்ணீர் இறங்கி முடிந்தது. நான் அடுத்த பையைத் திறந்துவிட்டேன். எவ்வளவு வெட்கம் என்றால், அவளுக்குக் கண் தெரியாது என்று தெரிந்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கயிறு கட்டின மாடு நான் என்று இத்தனை நாள் முட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு ஐந்து மணி நேரம் நீளமுள்ள கயிறாவது இருந்தது. அவளுக்கு இந்த நாற்காலியும் என் கையும்தான். அந்தக் கை எப்படிப்பட்டது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே ஒரு நாளைக்கு நான்கு தடவை வயிற்றைக் காட்டியிருக்கிறாள்.

அடுத்த வாரம் நர்ஸ் வந்தாள். அதே ஓரம், அதே நோட்டு. மனைவி நாற்காலியில் கைகளைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நான் மேசையைத் துடைத்தேன். பையின் தேதியைப் பார்த்தேன், கசிகிறதா என்று அமுக்கிப் பார்த்தேன். கழுவினேன். ஒரு குறையில்லை. ஈரக் கையை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றேன். மூடியைக் கழற்ற வேண்டிய இடம்.

"என்ன அங்கிள், நிக்கிய?"

"சிஸ்டர், அன்னைக்கு அவ தொடல. எனக்க வேட்டியிலயாக்கும் பட்டுது. தெரிஞ்சேதான் ஏத்தினேன். மூணாம் நாள் கலங்கினதும் தெரியும்."

நர்ஸ் நோட்டை மூடினாள். முகக்கவசத்துக்கு மேலே அவள் கண் மட்டும்தான் தெரிந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னைக்கே ஒரு போன் போட்டிருந்தா நுனிக்குழாய மாத்தி, மருந்தும் குடுத்து அனுப்பியிருப்பேன். ஆன்ட்டி செத்திருப்பாவ அங்கிள்." நோட்டைத் திரும்பத் திறந்து, "நாளைக்கு முதல் நாளுன்னு வச்சுக்கிடுங்க. பத்து நாளும் திரும்பப் படிக்கணும். நான் வருவேன்" என்றாள்.

"படிக்கேன் சிஸ்டர்."

பிறகு அவள் குனிந்து, "ஆன்ட்டி, கைய எடுங்க. நீங்க ஒண்ணும் தொடேலல்லா. இனி இப்பிடி இருக்க வேண்டாம்" என்றாள்.

மனைவி மெதுவாகக் கைகளை வெளியே எடுத்தாள். மடியில் வைக்கப் போனாள். குழாய் கிடக்கிறதே என்று நிறுத்தினாள். நாற்காலிக் கையில் வைக்கப் போனாள், அதையும் விட்டாள். இரண்டு கையும் அந்தரத்தில் நின்றன.

"எங்க வைக்கதுன்னு தெரியலயே" என்றாள். நர்ஸிடம் கேட்கவில்லை, என் சத்தம் வந்த பக்கம் திரும்பிக் கேட்டாள்.

நான் இரண்டு எட்டு நடந்து போய் அந்தக் கைகளைப் பிடித்தேன். புறங்கையெல்லாம் வயர் தடம். குளிர்ந்து கிடந்தன.

"அங்கிள்," என்றாள் நர்ஸ், "திரும்பக் கழுவணும்."

"கழுவுதேன் சிஸ்டர்" என்றேன். உடனே விட முடியவில்லை.